பதிவுப் புத்தகத்தில் கணபதியின் பெயர்

களவெடுக்கிறவனை நான் மன்னித்ததில்லை. அதிலும் பேனாவால் களவெடுக்கிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் நுஹ்மான், மாத்தளையில் கராஜ் வைத்திருப்பவன். இந்த விஷயத்தில் ஸ்பேனர் பிடித்ததே நான்தான். ஆகவே நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மாணிக்கவாசகம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவன். லொறியில் கிளீனராக ஏறி, லைசன் எடுத்து, டிரைவராகி, மனைவி பாப்பம்மாவின் நகையை விற்று, 1953இல் ஒரு பழைய பட்டாள லொறியை ஏலத்தில் எடுத்தான். பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதவேண்டிய வேளையில்தான் கணபதி முதலாளி குறுக்கே வந்தார். கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவரிடம் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தது. மாணிக்கத்திடம் இல்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கிய சட்டம் அவனையும் விட்டுவைக்கவில்லை.

"பிரஜாவுரிமை இல்லாதவன் பேர்ல லொறி எழுத மாட்டாங்க மாணிக்கம். என் பேர்ல இருக்கட்டும். ஓட்டுறது நீதானே" என்றார் கணபதி.

அவன் நம்பினான். வாக்குரிமையைப் பறித்தவர்கள் லொறியை மட்டுமா விடப்போகிறார்கள் என்று நினைத்தான். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே போனால் உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்பார்கள் என்ற பயம் அந்த நாளில் தோட்டத்து ஆட்களுக்கு இருந்தது.

ஏழு வருடம் கலேவெல நெல்லும் மாத்தளை மிளகும் ஏற்றினான். இடையில் எஞ்சின் செத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் வாங்கி வந்தான். பில் அவன் பெயரில். நான்தான் லொறியில் பொருத்திப் பூட்டினேன். "எஞ்சின் நம்பர் மாறிப்போச்சு, புத்தகத்திலயும் மாத்தணும் மொதலாளி" என்று கணபதியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"அதுக்கெல்லாம் கச்சேரிக்கு யாரு அலையிறது" என்று கையை உதறினார்.

1960இல் ஒரு காலை அவர் மாணிக்கத்திடம் லொறிச் சாவியைக் கேட்டார். கலேவெல வியாபாரி ஒருவருக்கு விலை பேசியிருந்தார்.

"அது என் லொறிங்க" என்றான் மாணிக்கம்.

"புத்தகத்துல யார் பேர் இருக்கோ அவருக்குத்தான்" என்றார் கணபதி.

அன்றுதான் மாணிக்கம் முதன்முதலாகக் கச்சேரிப் படி ஏறினான். அங்கிருந்த கிளாக்கர் சிரித்துவிட்டார். பெயரும் விலாசமும் போதும், லொறிக்குப் பிரஜாவுரிமையை யார் கேட்டது என்றார். மாணிக்கம் என் கராஜுக்கு வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்தான்.

"ஏமாத்தினதுகூடப் பரவாயில்ல நுஹ்மான் நானா. ஏழு வருசமா தீபாவளிக்குத் தீபாவளி அந்தாளு கால்ல விழுந்து கும்பிட்டிருக்கேன்."

"எஞ்சின் பில்லு இருக்கா?" என்று கேட்டேன்.

பாப்பம்மாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பொலிஸுக்குக் கையெழுத்தில்லாத பெட்டிசன் ஒன்று போட்டோம். இந்த லொறியின் எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள் என்று சிங்களத்தில் நான் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நம்பர் ஒத்துவரவில்லை. புத்தகத்தில் பெயர் இருந்தவரைத்தான் பொலிஸ் கூப்பிட்டது. களவெடுத்த எஞ்சினா என்று இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தியதும் கணபதிக்கு வேர்த்துக் கொட்டியது. எஞ்சின் என்னுடையதல்ல, மாணிக்கவாசகம் வாங்கிப் பூட்டியது என்று வாக்குமூலம் கொடுத்து, அடியில் கையெழுத்தும் போட்டார். மறுநாள் மாணிக்கம் பில்லோடு பொலிஸில் போய் நின்றான். எஞ்சின் அவனுடையதுதான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தார்.

கணபதியின் கடை வாசலுக்கு லொறியை ஓட்டி வந்தோம். கடைவீதியே பார்த்திருக்க, எஞ்சினைக் கழற்றி இறக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறொரு வேலையும் செய்ததில்லை. லொறிக்கு விலை பேசிய வியாபாரி வந்த வழியே திரும்பிப் போனார். எஞ்சினைக் கலேவெலயில் ஒரு நெல் ஆலையில் பூட்டி, மாணிக்கம் அங்கேயே பங்காளியானான்.

வெறும் லொறி கடையை மறைத்துக்கொண்டு நின்றது. கோழிகள் ஏறி முட்டையிட்டன. வீதியை மறைக்கும் வாகனத்தை அகற்றச் சொல்லி நகரசபையிலிருந்து மாதாமாதம் நோட்டீஸ் வந்தது. நான்காம் மாதம், மாணிக்கம் என் கராஜுக்கு வந்திருந்த சமயம் பார்த்து, கணபதி வந்தார். கையில் பெயர் மாற்றும் படிவம். கையெழுத்துப் போட்டே கொண்டுவந்திருந்தார்.

"உன் பேருக்கே எழுதிட்டேன் மாணிக்கம். லொறிய எடுத்துக்கிட்டுப் போயிரு."

ஏழு வருடம் அவன் ஏங்கியது அந்தத் தாளில் இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கே மனம் கொஞ்சம் இளகியது. மாணிக்கம் அதை எழுத்தெழுத்தாகப் படித்தான். தன் பெயரை விரலால் ஒருமுறை தடவினான். பிறகு நான்காக மடித்து, கணபதியின் சட்டைப்பையிலேயே திரும்ப வைத்தான்.

"நோட்டீசு யார் பேருக்குங்க வருது?"

"என் பேருக்குத்தான்."

"புத்தகத்துல யார் பேர் இருக்கோ அவருக்குத்தான் மொதலாளி."