மேசையில் கிடந்த ரிசீவர்

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் பழைய ரொக் பாட்டுகள் போடும் சிறிய வானொலி நிலையம் ஒன்று இருந்தது. வெள்ளி மாலைகளில் எங்கள் தமிழ் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் தந்திருந்தார்கள். குடும்பங்களைக் கூப்பிட விசா கொடுக்காமல் அரசாங்கம் இழுத்தடித்த காலம். மனைவி யாழ்ப்பாணத்தில் காத்திருந்தாள். நான் ஆலை வேலை முடிந்த அலுப்போடு மைக் முன்னால் உட்காருவேன்.

எனக்கு முன் பாட்டுப் போடுகிறவர் ஒரு டெனிஷ்காரர். தோளில் விழும் நரைமுடி, முழங்கை தேய்ந்த தோல் ஜாக்கெட். போகும்போது டெலிபோன் ரிசீவரைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

மறதி என்று நினைத்து ஒருநாள் அதைத் திருப்பி வைத்தேன். எங்கள் பாட்டு ஓடும்போதே மணி அடித்தது.

அடுத்த வெள்ளி அவரிடம் சொன்னேன்: "போன் வந்தது. ஒரு மனுசி."

"என்னவாம்?"

"இன்னும் எத்தினை பேரைக் கூப்பிடப்போறியள், வந்தது காணும், திரும்பிப் போங்கோ எண்டு சொன்னா."

அவர் இசைத்தட்டை உறைக்குள் போட்டார்.

"அவ்வளவுதானோ?" என்றார். வழக்கம்போல ரிசீவரைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

மனைவி வந்து சேர்ந்தபோது நிலையத்தையே மூடிவிட்டிருந்தார்கள். அந்த மனுசி சொன்னதைவிட மோசமாக எதையெல்லாம் அவர் தன் பாட்டு நேரத்தில் போனில் எங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.