ஊசிக்குக் கொடுத்த காது

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டி வாசலில் நுழையும்போதே, "எஞ்சின் இருமுது, ஓரமா நிறுத்து" என்பார். ஓட்டுநர்கள் விடமாட்டார்கள். "வண்டி இருமுறது கேக்குது, நீங்க இருமுறது கேக்கலையா மேஸ்திரி?"

இருமல் அவரை விட்டபாடில்லை. ஆஸ்பத்திரியில் காசநோய் என்றார்கள், அதுவும் வழக்கமான மாத்திரைக்கு மசியாத வகை. தினமும் ஊசி போட்டார்கள். கொஞ்ச நாளில் காதுக்குள் சில்வண்டு புகுந்ததுபோல் ஓயாத இரைச்சல்.

மருந்துகளின் பக்கவிளைவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் டாக்டர், அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார். "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க."

அவர் காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் விரல் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தது.

"ஊசியோட வேலைதான் இது," என்றார் டாக்டர். "நிறுத்தினா மிச்சக் காது தப்பிக்கலாம். ஆனா நோய் முத்திடுச்சுன்னா..."

"வேற மருந்து?"

"வரும்ங்கறாங்க. இப்போ எங்க கையில இல்ல."

மனைவி ஒரே பிடியாக நின்றாள். "காது போனாப் போகுதுங்க, ஆள் இருந்தாப் போதும். வீட்டுல பொண்ணு இருக்கா. அவளுக்கு ஒட்டிக்கிட்டா?"

ஊசி தொடர்ந்தது. நோய் போனது, காதும் போனது.

காது மெஷின் மாட்டிப் பார்த்தார். தகர டப்பாவில் கல்லைக் குலுக்கியது போலிருந்ததே தவிர, பேச்சு பேச்சாக வரவில்லை. பணிமனையில் வண்டி கழுவும் பக்கம் தள்ளினார்கள். ஒருநாள் பின்னால் வந்த வண்டி முதுகை உரசிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்தார். அதோடு வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

வீட்டில் முதலில் கத்திப் பேசினார்கள். பிறகு கைஜாடை. பிறகு தேவையானது மட்டும். தாயும் மகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "என்னது?" என்பார். "ஒண்ணுமில்ல." உதட்டசைவில் அவர் முதன்முதலாகப் படிக்கக் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான்.

சில வருடங்கள் கழித்து அந்த டாக்டர் ஒரு மருத்துவ மாநாட்டுக்கு அழைத்தார். மகள் துணைக்கு வந்தாள். முன்வரிசையில் இடம். மேடைத் திரையில் கேட்கும் திறனைக் காட்டும் ஒரு கோடு சரிந்துகொண்டே போனது. அது அவருடையது என்று மகள் அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் பேச்சின் நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்தியதைப் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் தட்டினார்.

வெளிக்கூடத்தில் மகள் செல்போனில் எழுதிக் காட்டினாள்: புதுசா வர்ற நோயாளிங்களுக்கு இனி அந்த ஊசி கிடையாதாம். மாத்திரைதானாம்.

"நல்லது," என்றார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. "எனக்கு? போனது திரும்பறதுக்கு ஏதாச்சும்...?"

மகள் டாக்டரைத் தேடிப் போனாள். அவர் தூணோரம் நின்று பார்த்தார். டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு அவள் தோளில் கை வைத்தார். திரும்பி வந்த மகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "வாங்கப்பா, போலாம்," என்று கையைப் பிடித்தாள்.

அவர் மறுபடி கேட்கவில்லை.