எழுத்தில் வாங்கிய சிபாரிசு

"எந்த வகையிலாவது சிபாரிசு தேடும் விண்ணப்பதாரர் தகுதி இழப்பார்." ராணுவ அதிகாரித் தேர்வு அறிவிப்பில் இந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. போன வாரம் எதிர்வீட்டு ஜெனிபா தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தாத்தா, மனுப் போடப் போறேன். இதுல ஏதாச்சும் வில்லங்கம் இருக்கான்னு பாருங்க" என்றாள். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும் வில்லங்கம் பார்க்கத் தெருவே என்னிடம்தான் வருகிறது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு அரக்கு வாசனை அடித்தது. கைபேசிக்கு ஏது அரக்கு?

உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உறையின் வாயை ஒட்டி, சிவப்பு அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, அதன் மேல் பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு அதுதான் வேலை. சீனச் சண்டைக் காலத்தில் என் விரல் நுனியில் ஏறிய கொப்புளங்கள் மட்டுமே நான் பெற்ற வீரத் தழும்புகள்.

அடுத்த மேஜை தேவசகாயம். சாத்தான்குளம் பக்கத்தில் கோயிலில் வேதம் சொல்லும் உபதேசியார் மகன். ராணுவத்துக்கு அவசரமாக அதிகாரிகள் தேவை என்று அறிவிப்பு வந்ததும் மனுப் போட்டான். வயது வரம்பைத் தாண்ட அவனுக்கு அதிக நாள் இல்லை. இது ஒன்றுதான் வாய்ப்பு. விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடிப் பழகுவான். படித்துறையில் உட்கார்ந்து அவன் சட்டைக்குக் காவலிருந்து நானும் பயிற்சியில் பங்கெடுத்தேன்.

அந்த நாளில் மனுப் போட்டவர்களெல்லாம் ஒரு பெரிய மனிதரையும் தேடிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் தேடவில்லை. அவனுடைய தாய்மாமா தேடினார். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். அவருக்குத் தெரிந்த கட்சித் தலைவர் ஒருவர், சென்னைக்கு போனில் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். வேறு யாராயிருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"போன்ல சொன்னதுக்கு என்னல ஆதாரம்? நாளைக்கு சொல்லவே இல்லன்னுட்டா என்ன செய்வ? எழுத்துல தாங்கன்னு உக்காந்துட்டேன். கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாரு" என்று அலுவலகத்துக்கே வந்து கடிதத்தை விசிறிக் காட்டினார்.

"மாமா, சிபாரிசு தேடப்படாதுன்னு விதி இருக்கு."

"எனக்கே விதி சொல்லித் தாரியால? மனுப் போட்டவன் தேடப்படாது. தேடுனது யாரு? நானு. நீ பைய வேலையப் பாரு."

அத்தோடு விட்டாரா? அரசு ஊழியர் சம்பந்தப்பட்ட தாள் உரிய வழியாகத்தான் போகவேண்டும் என்று கடிதத்தை எங்கள் மேலாளரிடமே ஒப்படைத்தார். வரவு முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த தாளை எடுத்து மறைக்க எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. நேர்மை அல்ல, பழக்கம். கடிதம் தேவசகாயத்தின் மனுவோடு இணைப்பாகச் சேர்ந்தது. அரக்கு வைத்து அனுப்பினோம்.

முக்கூடல்காரன் ஒருவனும் மனுப் போட்டிருந்தான். நேர்காணலில் தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டார்களாம். "எங்க வயலுக்கு மேக்கால" என்றானாம். அவன் பெரியப்பா போனில் பேசியதோடு நிறுத்திக்கொண்டவர். அவன் தேர்வானான். சிபாரிசு தேடியதற்கு ஆதாரம் இருந்த ஒரே ஆள் தேவசகாயம், தகுதி இழந்தான்.

முக்கூடல்காரனைக் கோழை என்று சொல்ல மாட்டேன். பின்னால் வந்த சண்டையில் அவனுக்கு இரண்டு விரல்கள் போயின. பல வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்தவன், அந்தக் கையாலேயே தேவசகாயத்தின் தோளைத் தட்டி, "நீரு வரவேண்டிய எடம்வே அது. நான் வந்துட்டேன்" என்றான். தேவசகாயம் சிரித்தான். "ஒம்ம பெரியப்பாவுக்கு எழுதத் தெரியாதது ஒமக்கு நல்லதாப் போச்சுவே" என்றான்.

சிபாரிசைத் தான் கேட்கவில்லை, அதை நீக்கிவிட்டுத் தன்னைப் பரிசீலிக்க வேண்டும் என்று தேவசகாயம் மேல்முறையீடு செய்தான். உரிய வழியாகத்தான். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினோம். அந்த நினைவூட்டை நினைவூட்டி இன்னொன்று. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவன் பேனாவை மூடி வைப்பான். ஆற்றங்கரையில் ஓடுவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் வயது வரம்பு தாண்டியது. மறுநாளும் ஓடினான். சட்டைக்குக் காவலாக நானும் போனேன்.

மாமா போய்விட்டார். தேவசகாயமும் இல்லை. அரக்கும் பித்தளை முத்திரையும் போய், எதையும் எழுத்தில் கேட்கிற மனிதர்களும் போய்விட்டார்கள். "வில்லங்கம் ஒண்ணுமில்ல. யாருகிட்டயும் எதையும் எழுதி மட்டும் வாங்காத" என்று ஜெனிபாவை அனுப்பி வைத்தேன்.

தேவசகாயத்துக்குப் பதில் வராமலில்லை. சிபாரிசைப் பொருட்படுத்தவில்லை, வயது வரம்புக்குள் இருந்தால் நேர்காணலுக்கு வரலாம் என்று எழுதியிருந்தார்கள். சீனச் சண்டைக்குப் போட்ட மனுவுக்கு அந்தப் பதில் வந்து சேர்ந்தது, பாகிஸ்தான் சண்டை நின்றுவிட்டதாக வானொலியில் சொன்னதற்கு மறுநாள்.