வேலிக்கு மேலால் தந்த தையல் மெசின்

எங்கள் பகுதி ஈழத்தமிழ் முதியோர் சங்கம் வருடத்துக்கு ஒரு தரம் பஸ் பிடித்து எங்காவது போகும். வழக்கமாகக் கோயில், இல்லாவிட்டால் கடற்கரை. இந்த முறை சிட்னி நகருக்குள் ஒரு அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதக் குடும்பங்கள் பட்ட பாட்டைக் காட்டும் கண்காட்சி. ஆங்கிலம் பிடிபடாதவர்களுக்குத் தமிழில் சொல்ல என்னைக் கூட்டிப்போனார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் இருக்கும் கிரவீன் புறநகரில் இருந்து பஸ் வெளிக்கிட்டதுமே பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன்.

"எங்களுக்கு நடந்ததுதான் அவைக்கும் நடந்தது. எங்களுக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

உள்ளே ஒரு திரையில் வயதான யூதப் பெண் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நான் வசனம் வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"முகாமில இருந்து உயிரோட திரும்பி வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினன். எங்களைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க சாமான்களை அவையிட்டதான் குடுத்தனாங்கள். 'உங்கட ஒண்டும் எங்களிட்ட இல்லை' எண்டு அந்த மனுசி சொன்னா. அவவுக்குப் பின்னால, மேசையில, என்ர அம்மாவின்ர மேசைவிரிப்பு…"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்?" என்றார் பக்கத்தில் நின்ற அன்ரி.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பின்வேலிக்கு அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளையும் நானும் ஒரே வகுப்பு. ஒருநாள் துவக்கு வைத்திருந்த எங்கள் பொடியள், ஆம், எங்கள் இயக்கப் பொடியள்தான், முஸ்லிம் சனம் முழுவதையும் உடனே ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். ஒன்றும் கொண்டுபோகக் கூடாதாம். அவள் ஓடிவந்து, தாயின் கைத்தையல் மெசினை வேலிக்கு மேலால் என்னிடம் தந்தாள். "கவனமா வச்சிரு, வந்து எடுக்கிறன்" என்றாள்.

பன்னிரண்டு வருடம் கழித்துச் சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. அவள் வந்தாள். படலையடியில் நின்று மெசினைக் கேட்டாள். உள்ளே அம்மா அதில்தான் தைத்துக்கொண்டிருந்தார். கடகடவென்ற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அது ஷெல்லடியில போயிட்டுது" என்றேன்.

சத்தம் வந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "பறவாயில்லை" என்று சொல்லிப் போய்விட்டாள்.

சண்டையில் நாங்களும்தானே எல்லாம் இழந்தோம் என்று அதை அப்படியே மறந்துவிட்டேன். கடவுளே, எப்படி மறந்தேன்? பஸ்ஸில் அவ்வளவு வாயடித்தேனே!

திரைக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார்கள். குடித்துவிட்டு, மெசின் கதையை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அன்ரிக்கு மனம் கேட்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு பிள்ளை. நீ அப்ப சின்னப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும்?"

"மெசினை வாங்கேக்கதான் அன்ரி சின்னப்பிள்ளை. இல்லை எண்டு சொல்லேக்க எனக்கு இருபத்தேழு வயசு."