எட்டு அசைக்கு ஒரு மெட்டு

எங்கள் ஊரில் யாருக்கு அறுபது வயது நிறைந்தாலும் விருந்துப் பாட்டு அஸ்தா அக்கா எழுதியதுதான். வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தெரிந்த மெட்டில் புதுச் சொற்களைப் போட்டு அச்சடித்து, தட்டுக்குத் தட்டு வைப்பார். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒத்திகையில்லாமல் சேர்ந்து பாட வேண்டும்.

போன வசந்தத்தில் ஒரு திருமணநாளன்று மூன்றாம் வரியில் எழுபது பேரும் முட்டி நின்றுவிட்டார்கள். சொல்லின் அழுத்தம் ஒரு பக்கம், மெட்டின் அடி ஒரு பக்கம். இன்னொரு தடவை இப்படியானால் எழுதுவதையே விட்டுவிடப்போவதாக அக்கா சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வேர்னர் வந்தார். ஊர்க் குடிநீர் நிலைய நிர்வாகக் குழுத் தலைவர். அத்தனையையும் எங்கள் மொழியில் ஒரே சொல்லாகக் கோத்துவிடுவார்கள்: வன்வெர்க்ஸ்பெஸ்டூரெல்ஸஸ்ஃபோர்மன். எட்டு அசை. தன் பிறந்தநாள் பாட்டில் அது முழுசாக வர வேண்டும், அதுவும் வீரர்கள் இரண்டிரண்டு அடியாக நடக்கிற படைநடை மெட்டில் என்றார். வெறும் தலைவர் என்று போடலாமா என்று அக்கா கேட்டுப் பார்த்தார்.

"கோழி வளக்குற சங்கத்துக்கும்தான் ஒரு தலைவன் இருக்கான். நான் தண்ணிக்குத் தலைவன், அஸ்தா."

பன்றிப்பண்ணைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான்; படித்ததும் மொழியியல். விடுவேனா? முதல் அசை ஓங்கும், நான்காவதும் ஏழாவதும் சற்றே எழும் என்று கோடு போட்டுக் காட்டினேன்.

"சரியாத்தான் சொல்ற, தம்பி. இந்தக் கோட்டை எழுபது வாயில எப்படி வெக்கிறது?"

விருந்து நாள் காலையிலும் பாட்டு முடியவில்லை. பொதுக்கூடத்தில் இருவரும் மேசைகளில் தட்டு, கத்தி, முள்கரண்டி என்று வைத்துக்கொண்டு போனோம். அக்கா அந்தச் சொல்லை முணுமுணுத்தபடியே வைத்தார். தட்டுக்கு 'வன்', கத்திக்கு 'வெர்க்ஸ்', முள்கரண்டிக்கு 'பெ'. அடுத்த தட்டுக்கு 'ஸ்டூ'. அதற்கடுத்ததற்கு 'ஃபோர்'. ஓங்க வேண்டியதெல்லாம் தட்டிலேயே வந்து விழுந்தது. மூன்றாவது இருக்கையின் முள்கரண்டிக்கு மட்டும் அசை மிஞ்சவில்லை.

"அங்க மூச்சு வாங்கிக்கட்டும்" என்றார் அக்கா. "படைநடை ஆகாது, தம்பி. இது மூணு மூணா ஆடுற வால்ட்ஸ்."

மதியத்துக்குள் அச்சடித்தோம். மெட்டு மாறியதைத் தாளில் பார்த்த வேர்னர், தன்னைக் கேட்காமல் யாரோ குழாயைத் திருப்பிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

உருளைக்கிழங்கும் பன்றி வறுவலும் முடிந்து பாட்டு தொடங்கியது. அந்த வரி நெருங்கியபோது அக்கா பாடவில்லை. மற்றவர்களின் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது பேரும் கைகோத்து, இடமும் வலமும் சாய்ந்து, ஒருவர்கூடத் தடுக்காமல் அந்தச் சொல்லைக் கடந்துபோனார்கள்.

வேர்னர் எழுந்து மனைவியின் கையைப் பிடித்தார்.

"இன்னொரு வாட்டி பாடுங்கப்பா. இத ஒக்காந்துட்டுக் கேக்க முடியல."

இரண்டாம் முறை அக்காவும் பாடினார்.