சொந்த விபிஎன்னுக்குக் காவல்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவழியில் மாட்டிக்கொண்ட ஊர்ப்பட்ட பேரை வெளியே எடுத்துவிட்ட மனுஷர், இன்று தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆப்பசைத்த குரங்கு என்றால் கோபம் வரும், வரட்டும்.

மகள் வாழ்க்கைப்பட்டுப் போன நாட்டில் வீடியோ காலுக்குத் தடை. தடையைத் தாண்டிப் போகிற விபிஎன் என்கிற சுற்றுவழி இருந்தால்தான் முகம் பார்த்துப் பேசலாம். மாசாமாசம் பணம் வாங்கிக்கொண்டு அதைத் தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. இவர் ஒப்பவில்லை.

“எவன்னே தெரியாதவன் வழியா என் பொண்ணு பேச்சு போகணுமா? நானே போடுறேன்.”

சின்ன அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, முட்டி மோதிப் படித்து, போட்டும் விட்டார். சும்மா சொல்லக்கூடாது, மகள் முகம் பளிச்சென்று தெரிந்தது.

அதோடு பிடித்தது சனி. கரண்ட் போய் வந்தால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். இன்டர்நெட் படுத்தால் ரவுட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். அவள் எப்போது கூப்பிடுவாளோ என்று கல்யாணம், சாவு எதற்கும் இவர் வாசல் தாண்டுவதில்லை. யார் எப்போது இணைந்தார்கள் என்கிற பதிவைக்கூட நிறுத்திவைத்திருந்தார். பெற்ற பெண்ணையே வேவு பார்ப்பதா என்பார்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. நாங்கள் இருவரும் வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இவர் அசையவில்லை.

“நாம வழியில இருக்கும்போது இது நின்னுட்டா? வலி எடுத்தா அவ யாரைக் கூப்பிடுவா?”

அவர் குளிக்கப் போன நேரம் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லிடாதே. அது அடிக்கடி நின்னுபோகுதுன்னு நாங்க கம்பெனி விபிஎன்னுக்கு மாறி ரொம்ப நாளாச்சு.”

சொன்னால் மனுஷர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் பேரப்பிள்ளை அங்கே பிறக்கும்போது நாங்கள் இங்கே கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்போம். மென்று விழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை. சாப்பிடும்போது போட்டு உடைத்துவிட்டேன்.

தட்டைத் தள்ளி வைத்தார்.

“இனிமேலாவது கெளம்புங்க” என்றேன்.

எழுந்துபோய்க் கை கழுவினார். “அந்தக் கம்பெனியையும் ஒருநாள் தடுத்துருவாங்க. அப்ப அவ இங்கதானே வரணும்? நீ போயிட்டு வா.”

கெஞ்சினேன், கத்தினேன், பட்டினி கிடந்தேன். கடைசியில் ஒரு டிக்கெட்தான் எடுத்தோம்.

பேத்தி பிறந்ததும் மகளின் போனிலிருந்து, கம்பெனி விபிஎன் வழியாகத்தான் வீடியோ கால் போட்டேன். அந்தச் சின்ன அறையிலிருந்தே எடுத்தார். குழந்தையைக் காட்டினேன். கண் கலங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நம்ம வழியாவா பேசுறீங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.