வெட்டுவான் கோயிலும் ஒரு துட்டிக் கார்டும்

கழுகுமலை வரைக்கும் போய், மலையில் கால் வைக்காமல், அடிவாரத்துக் கடையொன்றில் மூன்று மணி நேரம் புளியோதரைத் தூக்குவாளிக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முட்டாள் உலகத்தில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். காலில் ஊனமில்லை, வயிற்றில் நோயில்லை, ஏறாதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. எனக்குத் தீட்டு என்று நானே தீர்ப்புச் சொல்லி, நானே அதை என்மேல் நிறைவேற்றிக்கொண்டேன். நல்லெண்ணெய் மினுங்கும் புளியோதரை, சூட்டில் வாடிய வாழையிலையில் வேர்த்துக் கிடக்கும் அந்த வாசனை இன்றைக்கும் எங்கிருந்தாவது வந்தால், எனக்குப் பசிக்கு முன்னால் வெட்கம்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு ‘முடுக்கில்’ இருந்தது. அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். அம்மா ஒரு பெண்கள் பள்ளியில் வரலாற்று டீச்சர். பாண்டியர் காலத்துக் கலை என்று அம்மா நடத்துகிற பாடத்தில், கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பற்றி நான்கு வரி உண்டு: மலை உச்சிப் பாறையை வெட்டிச் செதுக்கிய ஒற்றைக்கல் கோயில், ஏதோ காரணத்தால் முடிக்காமல் விடப்பட்டது. பக்கத்திலேயே ஒரு படமும் இருக்கும். அதில் பாறை எது, கோயில் எது, அச்சு மை எது என்று சொல்ல அந்தப் பாண்டியனே வந்தாலும் முடியாது. அந்த நான்கு வரியை அம்மா பன்னிரண்டு வருஷமாக நாற்பது நிமிஷத்துக்கு விரித்து நடத்தினாள். கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் உச்சியில் கிரீடம் வைத்தாற்போல ஒரு கோயிலை நிறுத்துவாள். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து மார்க் வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா ஒரு தடவைகூட அந்தக் கோயிலைப் பார்த்ததில்லை என்பது மட்டும் பாடத்தில் வராது.

பார்க்கத் திட்டம் போடாமல் இல்லை. வருஷா வருஷம் போட்டோம். எங்கள் வீட்டில் அது ஒரு பண்டிகை மாதிரி. கோவில்பட்டி வழியாகப் போவதா, சங்கரன்கோவில் வழியாகப் போவதா என்று அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் வாதாடுவார்கள். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், அந்த இரண்டு நாளும் ஆகாது என்று காலண்டரில் பென்சிலால் கோடு விழும். அடுத்தது தண்ணீர். தாமிரவருணி தவிர வேறு தண்ணீர் தொண்டையில் இறங்கினால் மறுநாளே ஜுரம் வரும் என்று அப்பா நம்பினார். ஆகவே ஆளுக்கொரு கேன். இவ்வளவும் முடிவாகி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியா புளியோதரையா என்ற கடைசிச் சிக்கலும் தீர்கிற சமயத்தில், எங்காவது ஒரு பங்காளி இறந்துபோவார்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ‘வருஷம் திரும்பாம மலை மிதிக்கக் கூடாது’ என்பது அப்பாவின் சட்டம். மற்ற வீடுகளில் பங்காளி என்றால் அண்ணன் தம்பி வகையில் நாலைந்து குடும்பம் இருக்கும். எங்களுக்குப் பதினேழு வீடு. ஆற்றின் இரண்டு கரையிலும், பாபநாசத்தில் ஆரம்பித்து ஏரல் வரைக்கும், கொள்ளுத்தாத்தாக்கள் தாராளமாகப் பெருகியிருந்தார்கள். பதினேழு வீட்டுக் கிழவர்களும் தங்களுக்குள் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டதுபோல, ஒருத்தருடைய வருஷம் முடிகிறதற்குள் அடுத்தவர் கிளம்பிவிடுவார்.

அம்மா ஒருமுறை கேட்டாள். “மேல இருக்கது முடிக்காம விட்ட பாறைதான. பாறையப் பாக்கதுக்கு என்ன தீட்டு?”

“பாறையோ கோயிலோ, மலை மலைதான்” என்றார் அப்பா.

அந்தச் சட்டத்தில் ஒரு சின்ன சந்தும் உண்டு. பம்பாயிலிருந்த ஒரு சித்தப்பா, இங்கே ஒரு சாவு விழுந்தது தெரியாமலே திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வந்தார். அது குற்றமா என்று பேச்சு வந்தபோது அப்பாவே சொன்னார்: “காதுல விழாத வரைக்கும் தீட்டு கெடையாது.” பாடத்தில் எதுவும் தங்காத என் மண்டையில் இது மட்டும் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

நான் ஏழாவது படித்த வருஷம், அம்மாவின் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கரும்பலகையில் வழக்கம்போல மலையும் கிரீடமும் வரைந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் எழுந்து, “டீச்சர், அது அப்பிடி மேல நிக்காது. நாமதான் பாறை மேல நின்னு கீழ குனிஞ்சு பாக்கணும். எங்க மாமா ஊரு அதான்” என்றாளாம்.

அன்று சாயங்காலம் அம்மா காப்பி குடிக்கவில்லை.

“பன்னெண்டு வருஷம். எத்தன புள்ளைகளுக்குத் தப்பா வரைஞ்சு காட்டியிருக்கேன்?”

“அதுகளுக்கு மார்க் வந்துட்டுல்லா, பொறவு என்ன?” என்றார் அப்பா. ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவருடைய காப்பியும் ஆறிப்போயிற்று.

“காலாண்டு லீவு முடிஞ்சு வரும்போது நேர்ல பாத்துட்டு வந்து திருப்பி நடத்துதேன்னு வகுப்புல சொல்லிட்டேன். போயே ஆகணும்.”

அந்த வருஷம் அதிசயமாகப் பதினேழு வீட்டிலும் எல்லாரும் நன்றாக இருந்தார்கள். கடைசித் தீட்டு ஆவணியில் முடிந்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்து வரும் சனிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அம்மா புதிதாக ஒரு வரைபட நோட்டு வாங்கி, நான்கு பென்சில்களைச் சீவி வைத்தாள். வாசலில் தபால் கார்டைக் கண்டாலே இரண்டு பேருக்கும் முகம் மாறியது. கால் இடறினால்கூட யாரும் ‘செத்தேன்’ என்று சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

புதன்கிழமை எனக்குக் காலையில் மட்டும் பரீட்சை. மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தேன். தபால்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமலே ஒரு கால் ஊன்றி, “அப்பாட்ட குடுத்துருடே, துட்டிக் கார்டு” என்று நீட்டினார். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி. நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. ஏரல் பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை காலமாகிவிட்டார். நெருங்கிய பங்காளி என்றால் தந்தி வரும். இவர் அப்பாவுக்கு மூன்று தலைமுறை தள்ளிய அண்ணன், ஆகவே கார்டு. ஒரு தைப்பொங்கலுக்கு வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் முடுக்குக்குள் நுழைய முடியாமல் திண்டாடிய மனிதராகத்தான் அவரை எனக்கு ஞாபகம்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, சீவி அடுக்கிய நான்கு பென்சில்களையும் பார்த்தேன். பதினாறாம் நாளுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுத்தாலும் அப்பா போய்ச் சேரலாம். பெரியப்பாவுக்கும் இதில் புதிதாக நஷ்டம் ஒன்றும் இல்லை. கார்டை என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான், நான்கூட அதைத் திறந்ததில்லை.

இதுவரைக்கும் நான் மகா புத்திசாலி. ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது: காதில் விழாதவர்களுக்குத் தீட்டு இல்லை, சரி. படித்தவனுக்கு? அப்பாவின் சட்டப்படி எங்கள் வீட்டில் இப்போது தீட்டுக்காரன் ஒருத்தன்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு. மலை ஏறினால் என்ன ஆகும் என்று அப்பா சொன்னதில்லை, அதனால் எனக்குத் தோன்றியதெல்லாம் ஆகும் என்று பயந்தேன். பாறை பிளக்கும், அம்மா விழுவாள், கழுகு வந்து என்னை மட்டும் தூக்கிக்கொண்டு போகும்.

மூன்று நாள் தனி ஆளாகத் தீட்டுக் காத்தேன். விளக்கு மாடத்துப் பக்கமே போகவில்லை. “நீறு பூசலையால?” என்று அம்மா கேட்டால், “பூசிட்டேன், வேர்வையில அழிஞ்சிருச்சு” என்பேன். சனிக்கிழமை பஸ்ஸில் அவர்கள் மேல் பட்டுவிடாமல் மூன்று வரிசை தள்ளி, வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு அண்ணாச்சியை ஒட்டி உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத அவருக்கு என் தீட்டில் பாதியைக் கொடுத்த பாவமும் என் கணக்கில்தான் இருக்கிறது.

கழுகுமலையில் இறங்கி, அடிவாரத்து முருகன் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் என்று ஒரு சாக்குச் சொல்லி வெளியே நின்றுவிட்டேன். மலைக்குத் திரும்பும் இடத்தில் அடுத்த சாக்கு வேண்டியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வயிறு வலிக்கி” என்றேன்.

அம்மா உடனே பையைத் தரையில் வைத்துவிட்டாள். “அப்ப யாரும் ஏற வேண்டாம். நெழலப் பாத்து உக்காருவோம். செத்த நேரம் கழிச்சு வீட்டுக்குப் போவோம்.”

ஒரு பொய்யில் வாங்கிய மலையை அடுத்த பொய்யில் விற்றுவிட்டேனே! “வயிறு இல்லம்மா, காலு! காலுதான் வலிக்கி! நீங்க போங்க!” என்று கத்தினேன்.

“வயித்துல இருந்து காலுக்கு எறங்கிட்டாக்கும்” என்றார் அப்பா.

அங்கே சோடாவும் கடலைமிட்டாயும் விற்கிற கடைக்கார அண்ணாச்சி எழுந்து வந்தார். “பையன் இங்கன இருக்கட்டும்மா. நான் பாத்துக்கிடுதேன். நீங்க வெயிலுக்கு முன்னால பைய ஏறிட்டு வாங்க.” அம்மா மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மலையைப் பார்த்தாள். “எங்கயும் எந்திரிச்சுப் போகக் கூடாது” என்று சொல்லிவிட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு நடந்தாள். அவள் சேலை நுனி பாறைத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நான் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“ஏலே, கழுகுமலைக்கு வந்துட்டு மலை ஏறாம, எங் கடையில வந்து கழுகு மாரி உக்காந்திருக்கியே, பயமா?” என்றார் கடைக்காரர்.

“காலு வலிக்கி அண்ணாச்சி.”

“பொறவு என்னத்துக்கு அந்தக் கால இந்த ஆட்டு ஆட்டுத?”

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் காலை ஆட்டாமல் இருந்ததுதான் என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தவம். பாறை வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. ஏறிப் போனவர்களெல்லாம் இறங்கி வந்தார்கள். எல்லாருமே ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்ட முகத்தோடு வந்தார்கள். நான் தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இறங்கி வந்தபோது தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, யாரோ போல இருந்தாள். கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு வேப்பங்குச்சியை எடுத்துப் புழுதியில் கீறினாள். முதலில் பாறையின் விளிம்பு. விளிம்புக்கு இப்புறம் இரண்டு புள்ளி. “இது நானும் அப்பாவும்.” பிறகு விளிம்புக்குக் கீழே, பள்ளத்துக்குள், ஒரு கோயில். “மேல போற வரைக்கும் ஒண்ணுமே தெரியலைலே. வெறும் பாறைதான். கிட்ட போய்க் குனிஞ்சா, கீழ நிக்கி. தலையில இருந்து செதுக்க ஆரம்பிச்சிருக்கான். கால் வரைக்கும் வந்து சேரல. அந்தப் புள்ள சொன்னது சரி.” அப்பா கேனைத் திறந்து அவளுக்குத் தாமிரவருணித் தண்ணீர் கொடுத்தார். நான் இந்த ஜென்மத்தில் பார்த்த வெட்டுவான் கோயில், கரிசல் புழுதியில் அந்த வேப்பங்குச்சி கீறியதுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம், இரண்டு பேரும் வீட்டில் இருக்கும்போது, அப்போதுதான் வந்ததுபோலக் கார்டை நீட்டினேன். அப்பா படித்தார், திருப்பிப் பார்த்தார், அம்மாவிடம் கொடுத்தார். அம்மா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். துட்டிக் கார்டை வீட்டில் வைக்கக் கூடாது என்பதால் அப்பா வாசலுக்குப் போய் அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டார். “நல்ல வேளை, போயிட்டு வந்த பொறவு வந்துது” என்றார், கொஞ்சம் சத்தமாகவே. எல்லாரும் தலை முழுகினோம். பதினாறாம் நாள் அப்பா ஏரலுக்குப் போய்வந்தார். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

பள்ளி திறந்த முதல் நாள் அம்மா கரும்பலகையைத் துடைத்துவிட்டு, “பன்னெண்டு வருஷமா நான் வரைஞ்சது தப்பு” என்று சொல்லி, அந்தப் புதுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்தாள் என்று எங்கள் முடுக்கிலிருந்து அந்த வகுப்பில் படித்த அக்கா வந்து சொன்னாள்.

இப்போது மூலையில் கறுப்புத் தடவிய கார்டு எங்கும் வருவதில்லை. கால் ஊன்றி நின்று நீட்டுகிற தபால்காரரும் இல்லை. பதினேழு வீடும் நாலா திசையில் சிதறி, வாட்ஸ்அப்பில் ஒரே குழுவாகக் கூடியிருக்கிறது. யாராவது இறந்தால் உடம்பு ஆறுவதற்குள் நூறு பேர் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். ஒரு சாவை ஐந்து நாள் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைக்க இன்று எந்தப் பயலாலும் முடியாது. தீட்டுப் பார்த்து மலையை ஒத்திப்போடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அப்பா காலமான வருஷம் நான் மட்டும் மலை மிதிக்காமல் இருந்தேன். அவருக்காக அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

கழுகுமலை வழியாகப் பத்துத் தடவையாவது பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. சோம்பல் என்று பிறரிடம் சொல்வேன். போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, முப்பது வருஷப் பாரத்தை இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, புதன்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அப்பாவை நான் ஏமாற்றிவிட்டேனே என்று முடித்துவிட்டு, அவள் அழுவாளா, தலையைத் தடவுவாளா என்று காத்திருந்தேன்.

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கார்டுல நம்ம டவுண் தபால் முத்திரை புதன்கிழமைத் தேதியோட இருந்துச்சுல்லா, கோட்டிக்காரா.”